பதினாலைக் கண்டது ஆரு?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீண்டு கிடக்கும் இந்தக் கரையில், பிறர் சொன்ன எதையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். ஊர் முழுவதும் நம்பிய மனிதரும் ஒருவர்தான் இருந்தார். இரண்டும் ஒரே ஆள். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது; அங்கேயே இருக்கட்டும். எங்களுக்கு அவர் சுளகர்.

சுளகரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கொமர்ஸ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு ஹாஜியாரின் அரிசி ஆலைக்கு மனேச்சராகப் போனேன். ஹாஜியாருக்கு நாவிதன்வெளியில், சாகாமத்தில் என்று பல இடங்களில் நெல் வாங்கும் கிளைகள், உரக் கடைகள், ஊருக்குள் ஒரு வரவேற்பு மண்டபம். இத்தனைக்கும் கணக்கு வழக்கு என்னுடைய பொறுப்பு. இந்தக் கதையில் வரும் பெரிய பிழையும் என்னுடையதுதான். அதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்கு வேண்டாம். இப்போதே சொல்லிவிட்டேன், விபரம் வரும்.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவர் ஹாஜியாரின் மருமகன். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குக் குடிவந்தவர். கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"மாமா, இனி ஏஐ இல்லாமச் சரிவராது. எந்த மாசம் எவ்வளவு நெல்லு வரும், என்ன செய்யோணும் எல்லாம் அதுவே செல்லும்."

ஹாஜியார் யோசித்தார். "மூண்டு பேஸ் கரண்டு வேணுமா?"

"கரண்டும் வேணாம், இடமும் வேணாம் மாமா. எல்லாம் கிளவுட்டில. எங்கயோ இரிக்கிற பெரிய கொம்பியூட்டர நாம வாடகைக்கு எடுக்கிற."

வாடகை என்ற சொல் ஹாஜியாருக்கு விளங்கும். சரி என்றார். மருமகன் எல்லாக் கிளைகளின் பழைய பதிவுகளையும் வாரிச் சுருட்டி ஒரே மூச்சில் மேலே ஏற்றினார். எல்லாரும் கூடி நின்று முதல் கேள்வியைக் கேட்டோம். எங்கள் கிளைகளில் சிறந்த கிளை எது? மெசின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னது: "உங்களின் சிறந்த கிளை 'சும்மா'. அதன் கொள்வனவு தொடர்ந்து உயர்ந்து வருகிறது. அதை விரிவாக்குவது நல்லது."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "சேர், சும்மா எங்க இரிக்கி?"

எங்குமே இல்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தட்டிப் பழகுவதற்காகக் கிளையின் பெயர் என்ற இடத்தில் 'சும்மா' என்று போட்டு, வாய்க்கு வந்த தொகைகளை அடித்துப் பார்ப்பார்கள். ஒருவரும் அதை அழித்ததில்லை. வருடக்கணக்கில் சும்மா வளர்ந்து, நிஜமான கிளைகளையெல்லாம் முந்திவிட்டது.

அப்போதுதான் மருதமுனையில் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். டோஹாவில் ஒரு பெரிய கொம்பனியில் இதே வேலையைச் செய்துவிட்டு, போதும் என்று வந்து வீட்டில் இருக்கிறாராம். கூப்பிட்டனுப்பினோம். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சேட், கையில் நெல் புடைக்கும் ஒரு சுளகு.

ஹாஜியார் சுளகை மட்டும்தான் கண்டார். "வேணாம் தம்பி, வூட்ட நாலு கெடக்கு."

"விக்க வரல்ல ஹாஜி. வேலைக்கு வந்திரிக்கன்."

சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். ஆணியையும் கொண்டு வந்திருந்தார்! என் மேசையில் கிடந்த கடதாசிக் கல்லால் அதைச் சுவரில் அறைந்து சுளகை மாட்டினார். இது எதற்கு என்று கேட்டேன்.

"எண்ட வேல என்னெண்டு ஆரும் கேட்டா இதக் காட்டுறத்துக்கு சேர். விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி டோஹாவில எண்ட தொண்ட போயிட்டு."

அன்று பின்னேரமே கிளவுட்டில் மூன்று பகுதிகள் உண்டாக்கினார். முதலாவதன் பெயர் களம். கிளைகளிலிருந்து வருவதெல்லாம் வந்தபடியே, பதரும் மண்ணுமாக அங்கே கிடக்கும். இரண்டாவது சுளகு, அங்கே வைத்து அவர் புடைப்பார். மூன்றாவது சோறு. மெசின் அதை மட்டும்தான் தின்ன வேண்டும்.

"களத்தில கெடக்கிறத ஒருத்தரும் அள்ளித் தின்னப்படாது" என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. மாமனார் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையைப் பார்த்து அள்ளித் தின்னப்படாது என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சுளகரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "ஆரு கண்ட?" இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே அவர் ஊரைக் கலக்கினார். மீன்காரர் வந்து "இண்டைக்குப் புடிச்ச பாரை" என்றால், "ஆரு கண்ட?" என்பார். மீன்காரர் தன் மச்சானின் தோணி, இடம், நேரம் எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டும். ஒரு நாள் மீன்காரர் பொறுமை இழந்து, "நீங்க இந்த மீனிட்டயே கேளுங்க காக்கா" என்று, அண்ணன் என்ற மரியாதை குறையாமலே, பாரையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்யாண வீட்டில் "புரியாணி முடிஞ்சிட்டு" என்றார்கள், "ஆரு கண்ட?" என்று எழும்பிப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தார். அரைச் சட்டி கிடந்தது. அந்தப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவருக்கு துஆ கேட்டார்கள்.

வேலையிலும் இதே கதைதான். எங்களுக்கு நெல் தருபவர்களின் பெயர்ப் பட்டியலில் இருந்த இஸ்மாயில்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பலர் புட்போட்டில் தொங்க வேண்டியிருக்கும். ஒரே பெயர் இருந்தால் ஒரே ஆள் என்று மெசின் முடிவு கட்டி, எல்லாரையும் ஒன்றாக்கிப் பெரியதொரு இஸ்மாயிலை உண்டாக்கிவிட்டது. அந்த இஸ்மாயில் நாவிதன்வெளியிலும் சாகாமத்திலும் ஒரே நேரத்தில் அறுவடை செய்தார். மெசின் அவருக்கு எங்கள் சிறந்த விவசாயி என்று வாழ்த்தும் அனுப்பியது. அந்த வாழ்த்துப் போய்ச் சேர்ந்த இஸ்மாயில்களில் இருவர் மச்சான்மார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பல வருடமாகக் கதைக்காதவர்கள். இருவரும் ஒரே நாளில் ஆலைக்கு வந்து நின்றார்கள்.

"என்னையும் இவனையும் ஒண்டாக்கின ஆரு?" என்றார் ஒருவர்.

"எங்கட உம்மாவாலயே ஏலாமப் போன வேலை இது" என்றார் மற்றவர்.

சுளகர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். கிளை கிளையாகப் போய், ஒவ்வோர் இஸ்மாயிலையும் நேரில் கண்டு, என்ன குடி, எந்த வட்டையில் வயல், ஊரில் என்ன பட்டம் என்று கேட்டு வந்தார். எங்கள் பகுதியில் தாய்வழிக் குடிப்பெயரையும் பட்டப்பெயரையும் விட்டால் ஒரு மனிதனைப் பிரித்தறிய வேறு வழியே இல்லை. கண்ணாடி இஸ்மாயில், ஒட்டகம் இஸ்மாயில், சத்தம் இஸ்மாயில் என்று எல்லாரும் தனித்தனி ஆட்களாகக் கிளவுட்டில் போய் உட்கார்ந்தார்கள். அந்தச் சுற்றில் ஒரு மௌத்தானவரையும் கண்டுபிடித்தார். மனிதர் அடக்கப்பட்டுப் பல போகம் ஆகியும் ஒழுங்காக நெல் தந்துகொண்டிருந்தார். மகன்தான் வாப்பாவின் பெயரிலேயே போட்டு வந்திருக்கிறான்.

"ஏன்டாம்பி, உண்ட பேர்ல போடல்ல?"

"எண்ட பேரச் சென்னா தராசுக்காரன் நிமுந்தும் பாக்கமாட்டான் காக்கா. வாப்பாட பேரச் சென்னா கதிரை போடுவான்."

சாகாமத்தில் வேறு கோளாறு. மற்றக் கிளைகள் கிலோவில் பதிந்தால், சாகாமத்துக் கிளாக்கர் மூடைக் கணக்கில் பதிந்தார். மெசின் இரண்டையும் கிலோ என்றே எடுத்துக்கொண்டு, சாகாமத்தில் ஒரு போகம் முழுவதும் விளைந்த நெல் ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டக்கூடிய அளவுதான் என்று சொன்னது. சுளகர் போய்க் கேட்டதற்குக் கிளாக்கர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம்: "கிலோவெண்டு கதைக்கிற மரக்கறிக் கடையில காக்கா. இஞ்ச மூடைதான்."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது நோன்பு வந்தது. பெருநாளைக்கு முந்திய மஃரிப் நேரம், ஊர் முழுவதும் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்க்கும் நேரம், நானும் சுளகரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "பிறை கண்டாச்சாம்!" என்று ஒரு கூச்சல் வந்தது. உடனே பள்ளி நிர்வாகிகளிலிருந்து ஐஸ்பழக்காரர் வரைக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "ஆரு கண்ட?"

சுளகரின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "பாத்திங்களா சேர்? வருசத்தில ஒரு நாள் ஊரே என்னப்போல."

எங்கே நின்று கண்டான், எந்தப் பக்கம் கண்டான், தன் கண்ணால் கண்டானா, இல்லை மச்சான் சொன்னானா என்று ஒரு மனிதனைச் சுற்றி நின்று விசாரிப்பதை அவர் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு நகத்துண்டு பிறைக்கு இவ்வளவு கேள்வி. லொறி லொறியா வாற நெல்லுக்கு ஒரு கேள்வியுமில்ல. இது ஞாயமா சேர்?"

பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாப் பதிவுகளிலும் புதிதாக ஓர் இடம் முளைத்திருந்தது. அதன் பெயர் 'கண்டவர்'. நிறை போட்டாலும், விலை போட்டாலும், அதைக் கண்ணால் கண்ட ஆளின் பெயரைப் போட வேண்டும். காணாவிட்டால் வெறுமையாக விட வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. காலமெல்லாம் விடைத்தாளில் வெற்றிடம் விட்ட பிள்ளைக்குப் பூச்சியம் கொடுத்தே பழகிய கை இது. வெறும் பெட்டியைக் கண்டால் எனக்குப் பேனாவை எடுத்து எதையாவது எழுத வேண்டும் போலிருக்கும். அதைச் சொன்னேன்.

"வெறும் பெட்டி பொய் செல்லாது சேர்" என்றார்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

நெல் வாங்கும்போது அதன் ஈரத்தை மீற்றரில் அளந்து பதிய வேண்டும். நூற்றுக்குப் பதினாலுக்கு மேல் போனால் அந்த நெல்லைக் காயவைக்காமல் அடுக்கக்கூடாது; உள்ளுக்குள் வெந்து மஞ்சளாகிவிடும். எங்கள் கொம்பியூட்டரில் ஈரம் என்ற பெட்டியை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. சுளகர் வருவதற்குப் பல வருடம் முந்தி ஒரு நாள், சாகாமத்திலிருந்து கிளாக்கர் போன் எடுத்தார். "சேர், மீற்றர் செத்துப் போச்சு. லொறி வரிசையில நிக்கிது. என்ன போட?"

"பதினாலு போடு" என்றேன்.

ஏனென்றால் பதினாலுதான் சரியான விடை. நெல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு. மற்றக் கிளைகளும் கேள்விப்பட்டு என்னிடம் கேட்டன. அவர்களுக்கும் அதையே சொன்னேன். மீற்றரைத் திருத்த வேண்டும் என்ற நினைப்பே பிறகு ஒருவருக்கும் வரவில்லை. வெயிலில் காய்ந்த நெல் வந்த காலத்தில் அதனால் கெடுதியும் வரவில்லை. வெட்டு மெசின் வந்து, வயலில் இருந்து நேரே ஈரத்தோடு நெல் வரத் தொடங்கிய பிறகு, ஆலையடியில் நிற்கும் பழைய தொழிலாளர்கள் கையை விட்டுப் பார்த்தே காயவைத்துச் சமாளித்தார்கள். பதிவில் மட்டும் பதினாலு.

ஒரு காலை சுளகர் என் அறைக்கு வந்தார்.

"சேர், சாகாமத்தில மழை பெய்யிறதா?"

"பெய்யாம? குளமே இரிக்கே அங்க."

"நாவிதன்வெளியில?"

"பெய்யும்."

"பெய்யல்ல சேர்." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாரியிலயும் பதினாலு, கோடையிலயும் பதினாலு. விடிய வந்ததும் பதினாலு, பின்னேரம் வந்ததும் பதினாலு. ஒரு லொறி வாய்க்காலுக்குள்ள பிரண்டு, நெல்ல ஊறின மூடையாத் தூக்கி ஏத்தி வந்த கதை ஊருக்கே தெரியும். அதத் தேடிப் பாத்தன் சேர். அதுவும் பதினாலு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வியர்வைதான் வந்தது.

"ஆரு கண்ட சேர்?"

"பிராஞ்சுப் பொடியனுகள் பாத்துத்தான் போட்டிருப்பானுகள்" என்றேன்.

அவர் எழுந்து கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றே சாகாமத்துக் கிளாக்கருக்குப் போன் எடுத்தார் என்பதும், கிளாக்கர் "சேர்தான் போடச் சென்னது காக்கா" என்று சொல்லிவிட்டார் என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது.

மாரி தொடங்கியது. பெரும்போக அறுவடைக்கு முன்னால் ஹாஜியார் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நெல் காயவைக்கும் ட்ரையர் எங்களிடம் ஒன்றுதான். மழை வருடம் என்றால் வெளியூரிலிருந்து இன்னும் சில வாடகைக்கு எடுக்க வேண்டும். எடுப்பதா, விடுவதா? மெசினிடம் கேட்போம் என்றார் மருமகன். சுளகர் ஈரத்தைச் சோற்றில் சேர்க்காமல் வைத்திருந்ததால், மருமகன் மெசினை நேரே களத்தில் மேய விட்டார். பதில் அழகான படத்தோடு வந்தது: கடந்த காலத்தில் ஈர நெல் வந்ததே இல்லை, ட்ரையர் தேவையில்லை.

ஹாஜியாரின் அறையில் நாங்கள் நாலு பேர்.

"அது களத்தில கெடந்தத அள்ளித் திண்டிரிக்கி ஹாஜி" என்றார் சுளகர். "அதுட கதைய நம்பாதிங்க."

"என்ன தம்பி, மெசினுக்கு வகுத்துக்குத்தா?" என்றார் ஹாஜியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க செல்லுங்க. அந்தப் பதினாலு சரியா, பிழையா?"

"பிழை இருக்க வாய்ப்பில்ல ஹாஜி."

"சேர் கண்டிங்களா?" என்றார் சுளகர். அவருடைய குரலில் ஒரு குத்தலும் இல்லை. மீன்காரரிடம் கேட்ட அதே குரல்.

"பிராஞ்சுக்காரர் கண்டது" என்றேன்.

ஹாஜியார் சுளகரைப் பார்த்தார். "பிழையெண்டு செல்ல உனக்கிட்டச் சாட்சி இரிக்கா?"

இந்த இடத்தில் அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நான் முடிந்தேன். கிளாக்கர் சொன்னதைக் கையில் வைத்திருந்தார். ஆனால் சுளகர் சுளகர்தான்.

"ஒருத்தர் செல்லக் கேட்டிரிக்கன் ஹாஜி. கேட்டது சாட்சியில்ல. நான் காணல்ல."

"அப்ப என்ன செய்யிற?"

"வெறுமையா விடுவம். இந்தப் போகம் அளப்பம். மறுகா மெசினிட்டக் கேப்பம்."

"வெறுமையா விடுறத்துக்கா உனக்குச் சம்பளம் தாறன்? நாளையிலரிந்து வரத் தேவல்ல தம்பி."

சுளகர் எழுந்து என் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்து சுளகைக் கழற்றினார். வாசல் படலைவரை போனவர் திரும்பி வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கினார். "ஆணியும் நம்மட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவரை வீதியில் இரண்டொரு தரம் கண்டேன். ஒரு தரம் நான் தேநீர்க் கடைக்குள் புகுந்துகொண்டேன். மறு தரம் புகுவதற்குக் கடை இல்லை. வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேலையில் இருந்த காலத்தில் சொன்ன அதே சத்தத்தில், "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்!" என்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுவடை தொடங்கிய கிழமையே மழை பிடித்தது. விடுகிற மாதிரி இல்லை. வெட்டு மெசின்கள் கிடைத்த இடைவெளியில் வெட்டித் தள்ள, லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஆலைக்கு வந்தன. இவ்வளவு நெல்லை ஒரு ட்ரையரில் காயவைக்கப் பழைய தொழிலாளர்களாலும் முடியாது. களஞ்சியம் நிறைந்துகொண்டிருந்தது. கிளைகளில் வழமைபோல் பதினாலு. அந்த நேரத்தில் படலையடியில் பெரிய சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் சுளகர். மழைக்கோட்டு, ஒரு கையில் சொந்தக் காசில் வாங்கிய புது மீற்றர், மறு கையால் தலைக்கு மேலே குடையாகப் பிடித்த சுளகு. உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை; ஆகவே வெளியே வீதியில் நின்றார். வந்து நிற்கும் ஒவ்வொரு லொறியிலிருந்தும் ஒரு பிடி நெல்லை எடுத்து அளந்து, ஏலம் கூறுவதுபோல் கத்தினார். "இருபத்திரண்டு! கண்டது நான்!" சோக்கட்டியால் லொறியின் பக்கப் பலகையில் அதையே எழுதினார். மழை அழித்தது. திரும்ப எழுதினார். சாரதிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்க்க, வரிசை பஸ் நிலையம் தாண்டிப் போய்விட்டது.

நாவிதன்வெளி விவசாயி ஒருவர் சண்டைக்கு வந்தார். வேறு யாருமில்லை, சத்தம் இஸ்மாயில். "டேய் சுளகு! எண்ட நெல்லு ஈரமெண்டு செல்ல நீ ஆருடா?"

"செல்லல்ல காக்கா. கைய உள்ளுக்கு உடுங்க."

அவர் மூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். சத்தம் நின்றது. "சுடுகுதே" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி ஊர் கேட்டது அன்றுதான்.

ஹாஜியார் வாகனத்தில் வந்து இறங்கினார். பின்னால் மருமகன், போனை மழை படாமல் பொத்திக்கொண்டு. "மாமா, சிஸ்டத்தில பதினாலு எண்டுதான் காட்டுது. ட்ரையர்காரன் லைன்ல நிக்கிறான். நமக்கு வேணாமெண்டா வேற ஆலைக்குக் குடுக்கப் போறானாம்."

ஹாஜியார் சுளகரைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சேர்?"

அவருடைய ஒரு வருட முதலீடு அந்தக் களஞ்சியத்தில் வெந்துகொண்டிருந்தது. அவ்வளவு விவசாயிகளும் சாரதிகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுளகர் மட்டும் பார்க்கவில்லை. அடுத்த லொறியில் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாஜி, அந்தப் பதினாலு நான் போடச் சென்னது. மீற்றர் பழுதான நாளிலரிந்து ஒருத்தரும் அளக்கல்ல. பொடியனுகளில பிழையில்ல. ஒருத்தரும் காணல்ல."

ஹாஜியார் வாய் திறப்பதற்கு முன்னால் சுளகர் என்னிடம் வந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய போனை எடுத்தார்.

"சேர், முழுப் பேரையும் இனிஷலோட செல்லுங்க."

"என்னத்துக்கு?"

"'கண்டவர்' எண்ட இடத்தில போட. 'ஒருத்தரும் அளக்கல்ல' எண்டதக் கண்ட ஆள் நீங்கதானே."

முதலில் ஒரு சாரதி சிரித்தார். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. கோபத்தில் சிவந்து நின்ற ஹாஜியாருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ட்ரையர் எல்லாத்தையும் வரச் செல்லு" என்றார் மருமகனிடம். பிறகு சுளகரைப் பார்த்து, "நீ ஆருக்கிட்டக் கேட்டு இஞ்ச வந்த?" என்றார்.

"ஒருத்தருக்கிட்டயும் கேக்கல்ல ஹாஜி. றோட்டு அரசாங்கத்துட."

"உள்ளுக்கு வா. ஆணியும் கொண்டு வந்தியா?"

கொண்டு வந்திருந்தார்.

ட்ரையர்கள் வந்து சேரும்வரை ஈர நெல்லை ஹாஜியாரின் வரவேற்பு மண்டபத்தில் பரப்பி, மின்விசிறிகள் அத்தனையையும் சுழல விட்டோம். கொஞ்சம் மஞ்சளானது, மீதி தப்பியது. அடுத்து அங்கே கல்யாணம் முடித்த மாப்பிள்ளையின் சிம்மாசனத்துக்குக் கீழே நெல் முளைத்திருந்ததாக ஊரில் கதை. நான் காணவில்லை, ஆகவே உறுதி சொல்லமாட்டேன்.

பழைய பதினாலுகளை அழித்துவிடலாமே என்று சுளகரிடம் கேட்டேன். முடியாது என்றார். அவை களத்திலேயே கிடக்கும். பக்கத்தில் 'ஒருவரும் அளக்கவில்லை' என்ற குறிப்பும் என் பெயரும் இருக்கும். மெசின் அவற்றைத் தொடாது. அடுத்த போகத்திலிருந்து எல்லாக் கிளைகளிலும் மீற்றர் வந்தது, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வந்தது. சோற்றுப் பகுதி நிறைய நிறைய, மெசின் புத்தியாகக் கதைக்கத் தொடங்கியது. எந்தக் கிழமை எந்தப் பக்கத்திலிருந்து ஈர நெல் வரும் என்று முன்கூட்டியே சொன்னது. சில தரம் பிழையும் விட்டது. மருமகன் சலித்துக்கொண்டால் சுளகர் அசரமாட்டார். "அது நேர்மையான பிழை மருமகன். சும்மா கிளைட பிழையில்ல."

ஹாஜியார் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் கொஞ்ச காலத்தில் விலகினேன். விலகிய கையோடு மருதமுனைக்கு, சுளகரின் வீட்டுக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் தறிச் சத்தம். அவர் முற்றத்தில் அதே சுளகில் நெத்தலிக் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"மாப்புக் கேட்டு வந்திரிக்கன் தம்பி" என்றேன்.

"என்னத்துக்கு சேர்?"

"அண்டைக்கு ஹாஜிட அறையில நீங்க உண்மை செல்றிங்க எண்டு தெரிஞ்சும், உங்கள உட்டுட்டு என்னக் காப்பாத்தினத்துக்கு."

அவர் கருவாட்டை ஒரு தரம் கிளறிவிட்டார்.

"அண்டைக்கு உங்கட மனசில என்ன இருந்ததெண்டு நான் காணல்லயே சேர். அத வெறுமையா விடுவம். இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

சுளகர் இப்போது மீண்டும் டோஹாவில். பிள்ளைகளின் படிப்புக்காகப் போனார். தேநீர்க் கடையில் நான் இந்தக் கதையைச் சொன்னால் இளம் பொடியன்கள் சிரிக்கிறார்கள். மழையில் சுளகைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றாராம், தன்னைக் கைவிட்ட ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம், இப்படியும் ஒரு மனிசன் இருந்தாரா, ஆரு கண்ட என்று கேட்கிறார்கள்.

நான் கண்டேன்.